காசி நகரத் திட்டம் யாருக்காக?

காசி என்னும் வாரணாசிப் பட்டணத்துக்கு 2031 ஆம் வருஷம் வரைக்குமான பெருந்திட்டம் ஒன்று சர்க்காரால் போடப்பட்டிருக்கிறது. கோவிலுக்கு அகலப் பாதை, யாத்ரீகர்களுக்கு விடுதி, ஆற்றிலே சொகுசுக் கப்பல், ஆகாயத்திலே ரோப் கார் என்று வேலைகள் வளர்ந்துகொண்டே போகின்றன. “காசி தமிழ்ச் சங்கமம்” என்ற பெயரால் 2022 முதல் நம் நாட்டாரையும் ரயிலேற்றி அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறார்கள். ஆகவே, இது வடநாட்டுச் சங்கதி, நமக்கென்ன என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது.

ஊரைச் சீர்திருத்துவதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. ரோடு அகலமாவதும் சாக்கடை மூடப்படுவதும் எந்த ஊருக்கும் நல்லதுதான். நாம் கேட்பதெல்லாம் இந்த வேலையின் பலன் யாருக்கு என்பதும், இதிலிருந்து பாமர ஜனங்கள் கற்க வேண்டிய பாடம் என்ன என்பதுமேயாகும்.

விஸ்வநாதர் கோவில் வளாகம் முன்பு சுமார் 3,000 சதுர அடிக்குள் நெருக்குண்டு கிடந்ததாம். 2019 மார்ச்சில் அஸ்திவாரம் போட்டு, 2021 டிசம்பர் 13 இல் முதல் கட்டம் திறக்கப்பட்டது. சுமார் 339 கோடி ரூபாய் செலவு. 300க்கு மேற்பட்ட கட்டடங்களையும் இடங்களையும் கிரயத்துக்கு வாங்கி, வீட்டுக்காரர், குடிக்கூலிக்காரர், கடைக்காரர் என்று சுமார் 1,400 பேருக்கு மறுவாழ்வு ஏற்பாடு செய்து, வளாகத்தை 5 லட்சம் சதுர அடியாக்கினார்கள். இதெல்லாம் சர்க்காரே சொன்ன கணக்கு. சர்வ வல்லமையுள்ளவர் என்று சொல்லப்படும் கடவுளுக்குத் தம் வாசற் சந்தை ஒரு முழம் அகலப்படுத்திக்கொள்ள இத்தனை காலமும் முடியவில்லை. என்ஜினீயரும், நில அளவைக்காரரும், பொதுப் பணமும் வந்தவுடன் மூன்று வருஷத்துக்குள் காரியம் முடிந்துவிட்டது.

கங்கையின் கதையும் அதுதான். கங்கை பாவத்தைப் போக்கும் என்கிறது சாஸ்திரம். கங்கையின் அழுக்கைப் போக்கவோ 1986 இல் ராஜீவ் காந்தி காசியிலேயே ஒரு திட்டம் தொடங்கினார். பிறகு 2014 இல் “நமாமி கங்கே” என்று 20,000 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. 2018 இல் தீனாபூரில் நாளொன்றுக்கு 14 கோடி லிட்டர் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் திறக்கப்பட்டது. சங்கட மோசன் கோவிலின் மகந்தாக இருந்து 2013 இல் காலமான வீரபத்திர மிஸ்ரா, காசி இந்து சர்வகலாசாலையில் நீரியல் பேராசிரியருமாவார். அவர் கங்கையில் முழுகியது பக்தியால். ஆனால் அந்த ஆற்றைக் காப்பாற்ற அவர் மந்திரத்தை நம்பவில்லை. தண்ணீரைச் சோதனைச்சாலைக்கு அனுப்பி மலக்கிருமியை எண்ணச் செய்தார். அந்த நாணயத்தை நாம் மெச்சுகிறோம்.

நிற்க. கடவுளின் சந்து மனித முயற்சியால் அகலமாகுமானால், மதன்புரா நெசவாளியின் சந்து மட்டும் தலைவிதியால் நாறுகிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? மணிகர்ணிகைக் கட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிணம் சுடுகிறவர்கள் டோம் சாதியார். அவர்கள் கொடுக்கும் நெருப்பால் மற்றவர்க்கெல்லாம் மோட்சமாம், அவர்களுக்கோ தீண்டாமை! யாத்ரீகர் கூட்டம் இரட்டித்தால் கழிவும் இரட்டிக்கும். அதை வாருகிறவன் யார்? மலம் அள்ள மனிதனை வைக்கக் கூடாதென்று 2013 இல் சட்டம் செய்தும், சாக்கடைக் குழிக்குள் இறங்கி மனிதன் சாவது இந்நாட்டில் நிற்கவில்லை. கப்பல் வந்தால் துடுப்புப் படகுக்காரனின் பிழைப்பு என்னாகும் என்பதையும் திட்டம் போடுகிறவர்கள் யோசித்தாக வேண்டும்.

நம் தலைவர் பெரியார் 1904 இல் காசிக்குப் போய், பசியோடு ஒரு சத்திரத்தில் நுழைந்தபோது, பார்ப்பனரல்லாதார் என்று வெளியே தள்ளப்பட்டதையும், எச்சில் இலைச் சோற்றைத் தின்ன நேர்ந்ததையும் தோழர்கள் அறிவார்கள். அந்தச் சத்திரம் பார்ப்பனரல்லாத ஒருவர் பணத்தால் கட்டப்பட்டது. கட்டினவன் ஒருவன், உண்டவன் வேறொருவன். இன்றும் தீப்பெட்டி வாங்குகிற கூலிக்காரன் வரை கொடுக்கும் வரியிலிருந்துதான் இந்தக் கோடிகள் வருகின்றன. பந்தியில் அவனுக்கு இலை உண்டா என்பதே கேள்வி.

ஆகவே, ஒரு புண்ணிய நகரத் திட்டத்தை எத்தனை பேர் தரிசனத்துக்கு வந்தார்கள் என்று எண்ணிப் பார்த்து மெச்சக் கூடாது. அந்த ஊரிலேயே பிறந்து சாகிறவன் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிறதா? அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா? துப்புரவு வேலைக்கு யந்திரம் வந்ததா? அந்த வேலை ஒரே சாதியின் தலையில் கிடப்பது ஒழிந்ததா? இவையே அளவுகோல்.

காசிக்குப் போனாலும் கருமம் தொலையாது என்று நம் ஜனங்களே சொல்லி வைத்திருக்கிறார்கள். போகிற தோழர்கள் போகட்டும். ஆனால் கோவில் வாசலோடு திரும்பிவிடாமல், பின்னாலுள்ள சந்துகளிலும் பத்து அடி நடந்து பார்த்துவிட்டு வரட்டும். திரும்பி வந்து நம் ஊர்க் கோவில் பட்டணங்களின் திட்டங்களையும் அதே கண்ணால் பார்க்கட்டும்.