சோதனை எந்த மொழியில் நடந்தது?

நுண்ணறிவுச் சோதனையே வேண்டாம் என்று மலேசியாவின் ஆயர் ஈத்தாம் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு எங்கே கை கொடுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க அது உதவட்டும். ஆனால் பிள்ளை வீட்டில் பேசாத மொழியில், ஒரே ஒரு முறை நடந்த சோதனையின் எண்ணை மட்டும் வைத்து அதன் வகுப்பையும் வருங்காலத்தையும் முடிவு செய்வதைக் குழு ஏற்காது.

இந்தச் சோதனை பிறந்ததே உதவிக்காகத்தான். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளை இனங்காண வழி தேடி பிரெஞ்சு அரசு 1904 இல் ஒரு குழுவை அமைத்தது. அதற்காக உளவியலாளர் அல்ஃபிரட் பினேயும் அவருடைய சக ஆய்வாளர் தியோடோர் சிமோனும் 1905 இல் 30 பணிகள் கொண்ட அளவுகோலைத் தந்தார்கள். அறிவு பிறவியில் கிடைத்த மாறாத அளவு என்று பேசியவர்களை 1909 இல் வந்த தம் நூலில் பினே கடுமையாக மறுத்தார். கவனத்தையும் நினைவாற்றலையும் பயிற்சியால் வளர்க்கலாம் என்பது அவர் நம்பிக்கை. 1911 இல் அவர் இறந்தார். இரண்டே ஆண்டில் அமெரிக்காவின் எல்லிஸ் தீவில், கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக் குடியேறிகளிடம் அதே சோதனை மொழிபெயர்ப்பாளர் வழியாக நடத்தப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் மூளைத்திறன் குன்றியவர்கள் என்று உளவியலாளர் ஹென்றி கோடார்ட் முடிவு கட்டினார். கப்பலேறி வந்து இந்நாட்டுத் தோட்டங்களில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள நியாயமான காரணம் இருக்கிறது.

மொழிதான் இங்கே முதல் பிரச்சினை.

கலிஃபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மூளைத்திறன் குன்றியோர் வகுப்பில் போட்டார்கள். அவர்களை ஸ்பானிய மொழியிலும் சோதித்துப் பார்த்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்குரிய எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள். இதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட ‘டயானா’ வழக்கு 1970 இல் உடன்பாட்டில் முடிந்தது. பிள்ளையை அதன் வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று அந்த மாநிலம் ஒப்புக்கொண்டது. தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகளின் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. மலாய்மொழியில் தேர்ச்சி போதாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் படிக்கிறார்கள். அந்த ஓராண்டு மொழிக்காகத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் எத்தனை வீட்டில், எத்தனை உறவினர் முன்னிலையில், அந்தப் பிள்ளை ‘மக்கு’ என்று பெயர் வாங்கியிருக்கிறது! மொழிக் குறையை அறிவுக் குறையாக எண்ணும் இந்தப் பழக்கம் சோதனை அறைக்குள்ளும் நுழைந்துவிடக் கூடாது.

படங்களை மட்டும் காட்டிக் கேட்டால் மொழிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பாரும் உண்டு. ஓரளவு தீரும், முழுக்கத் தீராது. ஜான் ரேவன் 1930களில் உருவாக்கிய படவரிசைச் சோதனை அப்படிப்பட்டது. நெதர்லாந்தில் இராணுவத்துக்கு அழைக்கப்பட்ட இளைஞர்கள் அவ்வகைச் சோதனையில் 1952க்கும் 1982க்கும் இடையே சுமார் 20 புள்ளிகள் உயர்ந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் எடுத்துக்காட்டினார். முப்பது ஆண்டில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது. பள்ளியும் உணவும் வாழ்க்கையும்தான் மாறின. ஆக, படச் சோதனையின் எண்ணிலும் பிள்ளை வளர்ந்த சூழல் கலந்திருக்கிறது.

எண்ணையும் சரியாகப் படிக்க வேண்டும். இன்றைய சோதனைகளில் சராசரி 100. நூற்றில் சுமார் இருவர் 70க்குக் கீழே வருவார்கள். ஒருவர் 68 எடுத்தால், அளவீட்டுப் பிழையைச் சேர்த்துப் பார்க்கையில் உண்மை நிலை ஏறக்குறைய 63க்கும் 73க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். அதனால்தான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட கையேடு, எண் மட்டும் போதாது, அந்தப் பிள்ளை அன்றாட வாழ்வில் எப்படிச் சமாளிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்கிறது. தனியாகக் கடைக்குப் போய் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வரும் பிள்ளையைப் பற்றி அம்மாவுக்குத் தெரிந்தது, அறிக்கையிலும் ஏற வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் சோதனைக்குப் பயந்து ஒளிய வேண்டாம் என்றே குழு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறது. வாயால் நன்றாகப் பேசி, எழுத்தைக் கண்டால் திணறும் பிள்ளைக்கு டிஸ்லெக்சியா இருக்கலாம். முறையான மதிப்பீடு இல்லாமல் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டே தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளை ஓட்டிவிடுவோம். மதிப்பீடு இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம், சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளியாகப் பதிந்து அட்டை பெறலாம், சிறப்புக் கல்வி வகுப்பில் மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு. “ஊர் என்ன சொல்லும்” என்று அட்டையை மறுக்கும் பெற்றோர், பிள்ளைக்கு உரியதைத் தாங்களே தடுக்கிறார்கள்.

ஆனால் பிள்ளையின் திறமையைச் சொல்வதாகப் பேரங்காடிகளில் விற்கப்படும் விரல்ரேகைச் சோதனைக்கு ஒரு காசும் தராதீர்கள். விரல்ரேகை கருவிலேயே உருவாகி முடிந்துவிடுகிறது. அதை வைத்துப் பிள்ளை டாக்டராகுமா, பாடகராகுமா என்று சொல்ல முடியாது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அறிவித்திருக்கிறது.

பள்ளிகளிடமும் மாவட்டக் கல்வி அலுவலகத்திடமும் குழு வைக்கும் கோரிக்கைகள் சிலவே. சோதனை எந்த மொழியில், எந்தக் கருவியால், யாரால் நடத்தப்பட்டது என்பது அறிக்கையில் இருக்க வேண்டும். தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழ் அறிந்த ஒருவர் உடன் இருக்க வேண்டும். சோதனைக்கு முன்னால் கண்ணும் காதும் பரிசோதிக்கப்பட வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளைக்கு வேண்டியது கண்ணாடி. சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளை இடைவெளி விட்டு மறுபடியும் மதிப்பிட்டு, தேறியவர்கள் வழக்கமான வகுப்புக்குத் திரும்ப வழி வைக்க வேண்டும். பத்து பகாட் அல்லது குளுவாங் மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் கூலியை இழக்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்குச் சந்திப்பு நாளை முன்கூட்டியே சொல்லி, மலாய்மொழியில் வரும் அறிக்கையைப் பள்ளியில் தமிழில் விளக்கிய பிறகே கையொப்பம் கேட்க வேண்டும்.