நாலு வொர்க்கர், நாலு உக்கிராணம்

ஒரு தமிழ்ப் பள்ளியில் கணினிப் பொறுப்பைப் பார்த்துக்கொள்கிற அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். சனிக்கிழமை மட்டும் நடக்கும் பள்ளி. வாடகை ஹால், மெதுவான இணைப்பு, உபுண்டு போட்ட 14 பழைய லேப்டாப். வாரம் முழுக்க அலமாரியில் தூங்கியவை காலையில் ஒன்றாகக் கண் விழித்ததும் அப்டேட் தேட ஆரம்பிக்கின்றன. பாடம் அப்படியே நிற்கிறது. பெற்றோரில் ஒரு அப்பா பழைய மினி பிசி ஒன்றில் ஸ்க்விட் போட்டுக் கொடுத்தார். நன்றாக ஓடியது. பிறகு அவரே, "நாலு கோர் இருக்கே, சும்மா ஏன் விடணும்?" என்று அமைப்புக் கோப்பில் 'வொர்க்கர்ஸ் 4' என்று ஒரு வரி சேர்த்தார். அன்றிலிருந்து ஒரே பேக்கேஜ் மூணு தடவை, நாலு தடவை இறங்குகிறது.

அவருக்கு இரண்டு கேள்விகள். இதைச் சரி பண்ண முடியுமா, இல்லை ஸ்க்விட்டையே எடுத்துவிடலாமா? இரண்டாவது, கமிட்டியில் ஒருவர் எந்தப் பிள்ளை எந்தத் தளத்துக்குப் போகிறது என்று லாக் கேட்கிறார், கொடுக்கலாமா?

முதல் கேள்விக்குச் சின்னப் பதில்: 14 லேப்டாப்புக்கு ஒரு வொர்க்கர் தாராளம். அந்த வரியை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் பெரிய ஹாலில், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு இதே வேலையைச் செய்கிற வாசகர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்க்விட் 1996-இல் வந்தது. ஹார்வெஸ்ட் என்ற ஆய்வுத் திட்டத்தின் கேஷ் நிரலிலிருந்து பிறந்தது. முக்கிய வேலை முழுவதையும் ஒரே ப்ராசஸ் பார்க்கிற மாதிரிதான் ரொம்ப வருஷம் இருந்தது. எத்தனை கோர் இருந்தாலும் ஒன்றுக்குத்தான் வேலை. 2012-இல் வந்த 3.2 பதிப்பில்தான் பல வொர்க்கர் வசதி வந்தது. எல்லா வொர்க்கரும் 3128 என்ற ஒரே போர்ட்டில் காத்திருக்கும். வரும் இணைப்பை யார் முதலில் பிடிக்கிறார்களோ அவர்களுக்கே அந்த வேலை. வேலையைச் சமமாகப் பங்கு போட்டுக் கொடுக்க ஆள் கிடையாது. அதனால் ஒருவர் வியர்த்து வழிய, இன்னொருவர் சும்மா உட்கார்ந்திருப்பது சகஜம். அதைப் பார்த்து பயப்படாதீங்க.

சிக்கல் டிஸ்க் கேஷில் இருக்கிறது. கல்யாண வீட்டில் சமையல்காரர் நாலு பேர் இருந்தாலும் உக்கிராணம், அதாவது சாமான் அறை, ஒன்றுதான். ஸ்க்விட்டின் பழைய சேமிப்பு முறைகளான யூஎஃப்எஸ், ஏயூஎஃப்எஸ் இரண்டுக்கும் இந்தப் பழக்கம் இல்லை. ஒரு வொர்க்கரின் அறைக்குள் இன்னொரு வொர்க்கர் நுழைய முடியாது. அந்த அப்பா இணையத்தில் கிடைத்த உதாரணத்தைப் பார்த்து, கேஷ் பாதையில் 'ப்ராசஸ் நம்பர்' என்ற குறியைச் சேர்த்து, ஆளுக்கு ஒரு அறை கட்டிக் கொடுத்திருக்கிறார். விளைவு, முதல் வொர்க்கர் வாங்கி வைத்த பேக்கேஜ் அங்கே இருப்பதே மூன்றாவது வொர்க்கருக்குத் தெரியாது. அது மறுபடியும் கடைக்கு ஓடும்.

மெமரி கேஷ் பொதுவானதுதானே என்று கேட்பீர்கள். உண்மைதான், அதை வொர்க்கர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆனால் நீங்கள் மாற்றாத வரை 512 கேபிக்கு மேற்பட்ட பொருள் மெமரியில் தங்காது. பெரிய அப்டேட் பேக்கேஜ் அதற்குள் எங்கே அடங்கும்? 90 எம்பி பேக்கேஜ் ஒன்றை வைத்துக் கணக்குப் போடுங்கள். ப்ராக்ஸி இல்லாமல் 14 லேப்டாப்புக்கு 1,260 எம்பி. ஒரே உக்கிராணம் என்றால் 90. நாலு உக்கிராணம் என்றால் 360 வரை.

பல வொர்க்கர் கட்டாயம் வேண்டும் என்றால் ராக் என்ற சேமிப்பு முறைக்கு மாறுங்கள். இதில் டிஸ்க் கேஷ் எல்லாருக்கும் பொது. அதைக் கவனிக்க 'டிஸ்கர்' என்று தனி ப்ராசஸ் வரும், உக்கிராணக்காரர் மாதிரி. ஆரம்பத்தில் ராக் 32 கேபி வரையிலான சின்னப் பொருளைத்தான் வைத்துக்கொள்ளும். 3.5 பதிப்பில் அந்தத் தடை போய்விட்டது. ஆகவே ராக் சரிப்படாது என்று சொல்லும் பழைய குறிப்புகளைத் தள்ளிவிடலாம்.

கூடவே கவனிக்க வேண்டியவை சில. டிஸ்க்கில் வைக்கும் பொருளின் உச்ச அளவு இயல்பாக வெறும் 4 எம்பி. அதை 512 எம்பி ஆக்குங்கள். அந்த வரி கேஷ் பாதை வரிக்கு மேலே இருக்கணும். கீழே எழுதினால் அந்தப் பாதைக்குச் செல்லுபடியாகாது. நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். அடுத்து 'கொலாப்ஸ்ட் ஃபார்வர்டிங்'. இயல்பாக இது அணைந்திருக்கும். அணைந்திருக்கும்போது 14 லேப்டாப்பும் ஒரே நொடியில் ஒரே கோப்பைக் கேட்டால், முதல் பிரதி இன்னும் வந்து சேராததால் 14 பேரும் தனித்தனியாக வெளியே போவார்கள். ஆன் செய்தால் ஒருவர் போக, மற்றவர்கள் காத்திருப்பார்கள், 3.5 முதல் இது வொர்க்கர்களுக்கு இடையிலும் வேலை செய்கிறது. சனிக்கிழமை காலை நெரிசலுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது.

வொர்க்கர் எண்ணிக்கையை மாற்றிவிட்டு 'ரீகான்ஃபிகர்' கொடுத்தால் ஸ்க்விட் அதைச் சட்டை செய்யாது. முழுசாக நிறுத்தித் தொடங்கணும். ஆளுக்கு ஒன்றாக இருந்த பழைய கேஷ் அறைகளும் தானாகப் போகாது, நீங்கள்தான் அழிக்கணும். டாக்கரில் ஓட்டுகிறீர்கள் என்றால் இன்னொன்று: பகிர்வு மெமரிக்கு டாக்கர் இயல்பாகத் தருவது 64 எம்பி, ஸ்க்விட் மெமரி கேஷுக்கு இயல்பாகக் கேட்பது 256 எம்பி. படிக்குள் மரக்காலை அடைக்க முடியுமா? டாக்கர் பக்கத்து அளவைக் கூட்டுங்கள்.

இனி கண்காணிப்பு. டாப் கட்டளையில் ஸ்க்விட்-1, ஸ்க்விட்-2 என்று வொர்க்கர்களும், ஸ்க்விட்-டிஸ்க்-3 என்று டிஸ்கரும், ஸ்க்விட்-கோஆர்ட்-4 என்று ஒருங்கிணைப்பாளரும் தெரிவார்கள். இவர்களோடு தலைமை ப்ராசஸ் ஒன்று. இரண்டு வொர்க்கர் கேட்டால் ஐந்து ப்ராசஸ் ஓடுவது இப்படித்தான். ஏதோ புகுந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நெரிசல் நேரத்தில் ஒரு வொர்க்கர் ஒரு கோரை முழுசாக விழுங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புது வொர்க்கர் சேர்க்கக் காரணமே இல்லை. எனக்குத் தெரிந்து வீட்டு இணைப்பில் அந்த நிலை வருவது அபூர்வம். கோருக்கு முன்னால் லைன்தான் மூச்சு வாங்கும்.

மற்ற எண்களுக்கு ஸ்க்விட்டின் கேஷ் மேனேஜர் இருக்கிறது. முன்பு ஸ்க்விட்கிளையன்ட் என்ற கருவியால் பார்ப்போம். 7-ஆம் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். கர்ல் போதும்: லோக்கல்ஹோஸ்ட், 3128, பிறகு 'ஸ்க்விட்-இன்டர்னல்-எம்ஜிஆர்', பிறகு 'இன்ஃபோ'. ஒருங்கிணைப்பாளர் எல்லா வொர்க்கரின் கணக்கையும் கூட்டித் தருவார். அதில் ஹிட் சதவீதம் இரண்டு விதமாக வரும்: கோரிக்கைகளின் எண்ணிக்கையில் ஒன்று, பைட் அளவில் ஒன்று. நமக்கு வேண்டியது பைட். நூறு சின்ன ஐகான் மிச்சமாவதைவிட ஒரு பெரிய பேக்கேஜ் மிச்சமாவதுதான் பெரிசு.

மொத்தச் சதவீதம் குறைவாக இருந்தாலும் மனசு தளராதீங்க. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ். அவை ப்ராக்ஸி வழியாகச் சுரங்கமாகப் போகும், லாக்கில் 'டிசிபி டனல்' என்று விழும், எதையும் கேஷ் செய்ய முடியாது. உபுண்டு பேக்கேஜ்கள் இன்னும் சாதாரண எச்டிடிபியில் வருவதால்தான் நம் வேலை நடக்கிறது. அவற்றின் கையொப்பத்தை லேப்டாப்பே சரிபார்ப்பதால் நடுவில் கேஷ் இருப்பதில் ஆபத்தில்லை. எச்டிடிபிஎஸ்ஸையும் பிரித்துப் பார்க்க ஸ்க்விட்டில் வழி உண்டு. அதற்கு ஒவ்வொரு கருவியிலும் உங்கள் சான்றிதழை நிறுவணும். அடுத்த வீட்டுப் பிள்ளை கொண்டுவரும் டேப்லெட்டில் அதைச் செய்ய நமக்கு என்ன உரிமை? நான் செய்ய மாட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், கமிட்டிக்காரர் கேட்ட லாக். கொடுக்காதீங்க என்பதே என் பதில். அக்சஸ் லாக்கில் கருவியின் ஐபி, நேரம், போன தளத்தின் பெயர் இருக்கும். எச்டிடிபிஎஸ் என்றாலும் பெயர் விழும். பதினாலு வயசுப் பெண் உடம்பைப் பற்றியோ மனசைப் பற்றியோ சந்தேகம் தீர்க்க ஒரு தளத்துக்குப் போயிருப்பாள். அது நமக்குள் யார் வாயிலெல்லாம் புகுந்து வரும் என்று உங்களுக்கே தெரியும். கேஷ் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க யார் கேட்டார்கள் என்பது தேவையே இல்லை. ஹிட்டா மிஸ்ஸா, எத்தனை பைட் என்பது போதும். இதற்கென்றே ஸ்க்விட்டில் 'கிளையன்ட் நெட்மாஸ்க்' என்று ஒரு வரி உண்டு. 255.255.255.0 என்று கொடுத்தால் ஐபியின் கடைசிப் பகுதி லாக்கில் பூஜ்யமாகிவிடும். இருக்காத தகவலை யாரும் கேட்க முடியாது. இதுவரை சேர்ந்த பழைய லாக்குகளை அழித்துவிட்டு, இனி இரண்டு வாரத்துக்கு மேல் எதையும் வைக்காதபடி சுழற்சியை அமையுங்கள். இதை நீங்கள் தனியாக முடிவு செய்ய வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் சொல்லி, குறிப்பில் எழுதிவிடுங்கள்.

3128 போர்ட் ஹாலின் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்திருக்கிறதா என்று அந்த அப்பாவிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். வெளி உலகத்துக்குத் திறந்து கிடக்கும் ப்ராக்ஸியை ஊரார் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது. வொர்க்கர் வரியை எடுத்தபின் வருகிற சனிக்கிழமை பாடம் முடிந்ததும் பைட் ஹிட் எண்ணைக் குறித்து எழுதுங்கள், பார்க்கலாம்.