சிக்கி நிக்கிற நேரத்தில் எந்தக் கதாபாத்திரத்தைக் கூப்பிடுவது?

ஏ.எல். முடிஞ்சுது. கம்பஸ் கிடைக்கேல்ல, கிடைச்சாலும் எப்ப தொடங்கும் எண்டு தெரியாது. வேலைக்குப் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதில் இல்லை. வெளிநாட்டுக்குப் போ என்று வீட்டில் ஒருவர் சொல்ல, அதுக்காகக் காணியை ஈடு வைக்க ஏலாது என்று இன்னொருவர் நிற்பார். தொழிலுக்குப் போவம் எண்டால் இந்திய றோலர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. தலைமன்னார் பியரோடு தண்டவாளம் முடிகிற மாதிரி, மன்னார் தீவில் இருபதுகளில் இருக்கும் எங்களில் பலருக்கு வாழ்க்கையும் ஓரிடத்தில் வந்து நிற்கிறது.

அப்படி நிற்கிற நேரத்தில் நாங்கள் கதைகளுக்குள் போகிறோம். அனிமே, சினிமா, நாவல், ஏதோ ஒன்று. பெரியாக்கள் கேட்பது, "உந்தக் கதையள் சோறு போடுமோ?" என்றுதான். அந்தக் கேள்வியைச் சிரிச்சுத் தள்ளிவிடக் கூடாது என்பது எங்கள் கருத்து. அதுக்கு நேரே பதில் சொல்லலாம்.

அந்தக் கேள்வியை உலகத்தில் மிகப் பெரிதாகக் கேட்ட நாவலே ஒன்று இருக்கிறது. 1605இல் ஸ்பெயினில் வெளிவந்த செர்வாண்டிஸின் 'டொன் கிகோத்தே'. ஐம்பது வயதை நெருங்கும் ஒரு மனிதர், ஒன்றும் நடக்காத ஒரு ஊர், வீடு நிறைய வீரக் கதைப் புத்தகங்கள். வாசிச்சு வாசிச்சு, தானும் ஒரு வீரன் என்று புறப்பட்டுவிடுகிறார். முப்பது நாற்பது காற்றாலைகளைக் கண்டு, அரக்கர்கள் என்று நினைச்சுக் குதிரையை விடுகிறார். ஈட்டி முறிகிறது, ஆளும் விழுகிறார். விழுந்த பிறகும், ஒரு மந்திரவாதிதான் அரக்கர்களைக் காற்றாலையாக மாத்திப்போட்டான் என்று காரணம் சொல்கிறார்.

எங்கட தீவின் தென்கரையிலும் 2020இல் இருந்து முப்பது காற்றாலைகள் நிற்கின்றன. 100 மெகாவாட் 'தம்பபவனி'. இன்னும் காற்றாலைகள் வரக்கூடாது, கனிய மணல் அகழக்கூடாது என்று 2025 ஆகஸ்டில் மன்னாரில் மக்கள் நாள்கணக்காகப் போராடினார்கள். தூரத்தில் இருந்து பார்க்கிறவருக்கு இதுவும் கிகோத்தே வேலையாகத் தெரியலாம். ஆனால் வித்தியாசம் பெரிசு. போராடினவர்கள் காற்றாலையை அரக்கன் என்று நினைக்கவில்லை. மழைவெள்ளம் வழிந்தோடுமா, வலசை வரும் பறவைகளுக்கு என்ன ஆகும், கரையோர மீன்பாடு என்ன ஆகும் என்றுதான் கேட்டார்கள். கண்ணுக்கு முன்னால் இருப்பதைச் சரியாகப் பார்த்த பிறகு வருகிற துணிச்சல் வேற, பார்க்க மறுத்து வருகிற துணிச்சல் வேற. கதாபாத்திரத்திடம் உந்துதல் எடுக்கிறபோது முதல் வைக்க வேண்டிய சோதனை இதுதான்: அந்த ஆள் எங்கட நிலைமையைத் தெளிவாகக் காட்டுகிறாரா, மறைக்கிறாரா?

சினிமா ஹீரோ பெரும்பாலும் மறைக்கிறார். ஒரு பாட்டு முடிவதற்குள் ஏழை பணக்காரனாகிறான். நாங்கள் சிக்கி நிற்பதோ மாசக்கணக்கில். எங்களுக்குத் தேவை, ஒன்றும் நடக்காத நாட்களில் எப்படி எழும்புவது என்று தெரிந்த ஆள். ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' (1952) கதையில் வருகிற சந்தியாகோ அப்படிப்பட்டவர். 84 நாள் ஒரு மீனும் படவில்லை. நாற்பதாவது நாளோடு, இந்தக் கிழவனுக்கு ராசியில்லை என்று உதவிக்கு வந்த பெடியனையும் அவன்ட தாய்தகப்பன் வேற வள்ளத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். 85ஆம் நாளும் கிழவர் கடலுக்குப் போகிறார். பெரிய மீன் படுகிறது. கரைக்கு வருமுன் சுறாக்கள் தின்று முடிக்க, எலும்புதான் மிச்சம். பேசாலையிலோ வங்காலையிலோ இந்தக் கதையைச் சொன்னால் யாரும் இதை இலக்கியம் என்று நினைக்கமாட்டார்கள், ஆர்ட கதை எண்டு பேர் கேட்பார்கள். அவர் வெல்லவில்லை. ஆனால் தூண்டில் கயிற்றை ஒழுங்காக விட்டார், தனக்குத் தெரிந்த தொழிலைப் பிழையில்லாமல் செய்தார். சிக்கின நாளில் அதுவே பெரிய காரியம்.

எல்லாப் பாத்திரமும் பலம் தராது என்பதையும் சொல்லத்தான் வேணும். தகழியின் 'செம்மீன்' (1956) அருமையான நாவல். ஆனால் கரையில் இருக்கிற பெண்ணின் ஒழுக்கம்தான் கடலில் போன ஆணைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை கறுத்தம்மாவை எப்படி நெரிக்கிறது என்று பாருங்கள். கடல் எடுத்த உயிர்களுக்குப் பெண்ணைக் குற்றம் சொல்லும் பழக்கம் எங்கட கரைகளுக்கும் புதுசில்லை. அவளை வாசிக்க வேண்டும், பின்பற்ற அல்ல, அந்தக் கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க.

எங்கட கத்தோலிக்கக் கூத்து மரபில் அவளுக்கு எதிரே ஒருத்தி நிற்கிறாள்: ஞானசவுந்தரி. சிற்றன்னையின் சூழ்ச்சியால் இரண்டு கையும் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட இளவரசி. பிறகு பொய்க்கடிதத்தால் பிள்ளைகளோடு துரத்தப்படுகிறாள். கடைசியில் மாதாவின் அருளால் கைகள் திரும்பி வருகின்றன. கூத்தில் எல்லாரும் காத்திருப்பது அந்தப் புதுமைக்காகத்தான். எங்களுக்கு முக்கியம் அதுக்கு முந்தின பகுதி. கையில்லாமல், கை வரும் என்ற உறுதியும் இல்லாமல், அவள் அடுத்த நாளைக் கடந்தாள்.

கூத்து இன்னொன்றையும் காட்டுகிறது. அங்கே கதாபாத்திரம் பார்ப்பதற்கு மட்டும் இல்லை. பகலில் வலை இழுத்தவர் இரவில் அண்ணாவியாருக்கு முன்னால் நின்று பாட்டுப் படித்து, ஆடிப் பழகி, மேடையில் ராசாவாகிறார். விடிஞ்சால் திரும்பவும் வலைதான். ஆனால் தன்ட குரல் எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்கும் ஊருக்கும் தெரிந்துவிட்டது. தனியே போனோடு படுத்துக்கிடந்து பத்து சீசன் பார்ப்பதில் இது நடக்காது.

ஆகவே எங்கட பதில்: கதை சோறு போடாது. ஆனால் சோறு தேடிப் போக எழும்புவதற்கு ஒரு ஆள் துணை வேணும், அந்தத் துணை சில நேரம் கதையில் இருந்து வரும். கிகோத்தேயின் கடைசியை நினைச்சுப் பாருங்கள். மரணப் படுக்கையில் அவருக்குப் புத்தி தெளிகிறது, வீரக் கதைகள் எல்லாம் பொய் என்கிறார். பக்கத்தில் அழுதுகொண்டு, எழும்புங்கோ, வெளிக்கிடுவம் என்று கெஞ்சுகிறவன் சாஞ்சோ. காற்றாலையைக் காற்றாலை என்று முதலே சொன்னவனும் அவன்தான். உண்மையைச் சொல்வான், விட்டுட்டும் போகமாட்டான். உங்களோடு சிக்கி நிற்கிற கூட்டாளிக்கு வீரனைவிட அப்படியொருவன்தான் தேவை. இந்தக் கிழமை அவரிடம் போய், தற்போது என்ன வாசிக்கிறாய், என்ன பார்க்கிறாய் என்று கேளுங்கள். கதை அங்கிருந்து தொடங்கட்டும்.