அணுஉலை அருகே பேரிடர் வந்தால் கடைசி வீட்டுக்குச் செய்தி சேருமா?

பட்டாசு ஆலைகளுக்கு நடுவே வாழும் நமக்கு, எச்சரிக்கை என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எம். புதுப்பட்டி வட்டாரத்தில் தூரத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால், வேலை செய்யும் கைகள் அப்படியே நின்றுவிடும். அடுத்த நிமிடம் எல்லோர் காதிலும் செல்போன். எந்த ஆலை? எந்த அறை? நம் வீட்டுப் பெண் இன்று எங்கே வேலைக்குப் போனாள்? எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் யாருக்கும் லைன் கிடைக்காது. 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை, அதிலும் பெரும்பாலும் பெண்களை, வெடிவிபத்துக்குப் பறிகொடுத்த பகுதி இது. செய்தி தெரியாமல் தவிக்கும் அந்த அரை மணி நேரம் எப்படிப்பட்டது என்பதை நாம் அறிவோம்.

இதே கேள்வியை இன்னும் பெரிய ஓர் ஆபத்தின் முன்னால் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நமக்குத் தெற்கே சுமார் 150 கி.மீ. தொலைவில் கூடங்குளம் அணுமின் நிலையம் இருக்கிறது. அங்கே தலா 1000 மெகாவாட் திறன் கொண்ட இரண்டு உலைகள் இயங்குகின்றன. மேலும் நான்கு உலைகளின் கட்டுமானம் நடக்கிறது. வடக்கே சென்னைக்கு அருகில் கல்பாக்கம். இரண்டும் கடற்கரையில் இருக்கின்றன. புயல், வெள்ளம், சுனாமி மூன்றையும் கண்ட கரை இது. அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். இருக்கும் நிலையத்தில் ஒரு பேரிடர் நேரத்தில் ஆபத்து ஏற்பட்டால், சுற்றியுள்ள மக்களுக்குச் செய்தி எப்படிப் போய்ச் சேரும் என்பதே இங்கே நம் கேள்வி.

கல்பாக்கம் சொன்ன பாடம்

2004 டிசம்பர் 26 காலை 6.28 மணியளவில் சுமத்ரா அருகே கடலுக்கடியில் நிலம் நடுங்கியது. தமிழகக் கரையை அலை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. கல்பாக்கத்தில் அன்று ஓர் உலை இயங்கிக்கொண்டிருந்தது. கடல்நீர் எடுக்கும் பம்ப் அறைக்குள் வெள்ளம் புகுந்து பம்புகள் நின்றன. பணியாளர்கள் உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். சில நாட்களில் அது மீண்டும் இயங்கவும் செய்தது. பொறியியல் கணக்கில் அது வெற்றிதான்.

ஆனால் அதே காலையில், உலைக்குச் சற்று தூரத்தில் ஊழியர் குடும்பங்கள் வாழ்ந்த குடியிருப்பிலும், பக்கத்து மீனவக் குப்பங்களிலும் பலர் அலையில் மாண்டார்கள். நாட்டின் உயர்ந்த விஞ்ஞானம் வேலை செய்யும் வளாகத்தின் வாசலில் இருந்தவர்களுக்கு, அலை வருகிறது என்று சொல்ல ஒருவரும் இல்லை. இரண்டு மணி நேர அவகாசம் இருந்தும் செய்தி இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. ஹைதராபாத்தில் நமக்கென எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது 2007 அக்டோபரில்தான்.

உலையைக் காப்பது ஒரு வேலை. உலையைச் சுற்றி வாழும் மக்களுக்குச் சொல்வது இன்னொரு வேலை. முதலாவது சரியாக நடந்தால் இரண்டாவது தானாக நடந்துவிடாது.

ஃபுகுஷிமாவில் அறுந்த தொடர்புகள்

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நடந்தது இதைவிடக் கசப்பானது. நிலநடுக்கம் வந்ததும் உலைகள் தானாகவே நின்றன. ஆனால் அடுப்பை அணைத்த பிறகும் தணல் சுடுவதுபோல, நிறுத்திய உலைக்குள்ளும் வெப்பம் நீடிக்கும். அதைத் தொடர்ந்து குளிர்விக்க மின்சாரம் வேண்டும். வெளியிலிருந்து வந்த மின்சாரத்தை நிலநடுக்கம் துண்டித்தது. ஜெனரேட்டர்களைச் சுனாமி மூழ்கடித்தது. விளக்கும் மீட்டரும் அணைந்ததோடு, வளாகத்துக்குள் இருந்த கைப்பேசித் தொடர்பும் ஒலிபெருக்கி அறிவிப்பும் முடங்கின. இருட்டில் கருவியைப் பார்க்கப் போனவர், கண்டதைச் சொல்லக் கட்டுப்பாட்டு அறைக்கு நடந்தே திரும்பி வர வேண்டியிருந்தது. மீட்டர்களை உயிர்ப்பிக்கக் கார் பேட்டரிகளைக் கழற்றி வந்தார்கள்.

வெளியே நிலைமை இன்னும் மோசம். இத்தகைய நேரத்தில் எல்லோரையும் ஒருங்கிணைக்கவென்றே உலையிலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில் ஓர் அவசர மையம் கட்டி வைத்திருந்தார்கள். மின்சாரமும் தொலைத்தொடர்பும் போய், கதிர்வீச்சைத் தடுக்கும் வடிகட்டியும் இல்லாததால், நான்கே நாளில் அந்த மையத்தையே காலி செய்ய நேர்ந்தது. அன்று இரவு 9.23 மணிக்கு 3 கி.மீ. சுற்றளவை விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தது. அந்த நேரத்தில் உலை இருந்த ஊர் மக்களிலேயே ஐந்தில் ஒரு பங்கினருக்குத்தான் விபத்து நடந்ததே தெரியும் என்று ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த விசாரணை ஆணையம் பதிவு செய்தது.

நாமியே என்ற ஊரின் நிலையை யோசித்துப் பாருங்கள். முறையான தகவல் வராத அந்த ஊர் மக்களில் பலர் சுஷிமா என்ற மலைப்பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். பாதுகாப்பு என்று நம்பித்தான் போனார்கள். ஆனால் கதிர்வீச்சு கலந்த காற்று அந்தத் திசையில்தான் சென்றது. காற்றின் போக்கைக் கணிக்கும் கணினி ஏற்பாடு அரசிடம் இருந்தது. அதன் கணிப்பு அந்த மக்களுக்குச் சேரவில்லை.

கதிர்வீச்சு ஆபத்தின் தனித்தன்மை இதுதான். பட்டாசு ஆலையில் தீ என்றால் புகை தெரியும், மருந்து வாடை வரும். எந்தப் பக்கம் ஓடுவது என்று கண்ணே சொல்லும். கதிர்வீச்சைக் கண் காணாது, மூக்கு உணராது. பல நேரங்களில் ஓடுவதே தவறு. கதவு, ஜன்னல்களை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருப்பதே முதல் பாதுகாப்பு. அயோடின் மாத்திரையும் உரிய நேரத்தில் எடுத்தால்தான் பலன் தரும். எப்போது உள்ளே இருப்பது, எப்போது, எந்தத் திசையில் புறப்படுவது என்பதை ஒரு குரல் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் குரல் நின்றுபோனால் மனிதன் குருட்டு நடை நடக்கிறான்.

ஜப்பானிலேயே இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் உண்டு. 2007 ஜூலையில் கஷிவாசாகி அணுமின் நிலையத்தை நிலநடுக்கம் தாக்கியபோது, தீயணைப்புத் துறைக்கு நேரடித் தொலைபேசி வைத்திருந்த அறையின் கதவு கோணலாகித் திறக்க முடியாமல் போனது. டிரான்ஸ்பார்மர் எரிந்துகொண்டிருக்க, தொலைபேசி பூட்டிய அறைக்குள் கிடந்தது. அந்த அவமானத்திலிருந்து பாடம் கற்று, நிலநடுக்கம் தாங்கும் தனிக் கட்டடங்களை அந்த நிறுவனம் தன் நிலையங்களில் எழுப்பியது. ஃபுகுஷிமாவில் அது 2010இல் கட்டி முடிக்கப்பட்டது. எட்டு மாதம் கழித்து விபத்து நடந்தபோது, அந்தக் கட்டடத்திலிருந்துதான் ஊழியர்கள் கடைசிவரை நிலைமையைக் கையாள முடிந்தது. ஒரு கதவு திறக்கவில்லை என்ற சிறிய குறையைச் சரிசெய்தது, பிறகு பெரிய நேரத்தில் கைகொடுத்தது.

காயல்பட்டினம் காட்டிய நிலைமை

நம் நாட்டில் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கி.மீ. வரை அவசரத் திட்ட வட்டம் என்று வகுத்திருக்கிறார்கள். வளாகத்துக்கு வெளியே ஆபத்து பரவினால் மக்களைக் காக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான நிர்வாகத்துடையது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்புற ஒத்திகை நடத்த வேண்டும் என்பது விதி. கூடங்குளம் வழக்கில் 2013 மே 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நிலையத்துக்கு அனுமதி தந்ததோடு, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் வழிகாட்டுதல்களை நடைமுறைப்படுத்தவும், ஒத்திகைகளைத் தொடர்ந்து நடத்தவும் உத்தரவிட்டது.

காகிதத்தில் ஏற்பாடு இருக்கிறது. மழை அதை எப்படிச் சோதிக்கும் என்பதற்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை உடைத்துப் பாய்ந்தது. சாலைகள் அறுந்தன, மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன. வளைகுடா நாடுகளிலிருந்து காயலுக்கும் ஏரலுக்கும் அழைத்த பிள்ளைகள், உம்மா வாப்பாவின் குரலைக் கேட்க முடியாமல் தவித்தார்கள். காயல்பட்டினத்துக்கும் கூடங்குளத்துக்கும் நேர்கோட்டில் தூரம் சுமார் 60 கி.மீ. மட்டுமே. அந்த மழை மேகம் இன்னும் கொஞ்சம் தெற்கே நின்று பெய்திருந்தால்?

அதே வெள்ளத்தில் வேறொன்றும் நடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. முன்னால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டிருந்தன. அந்தத் தகவல் நேரத்துக்குக் கிடைத்ததால் ரயில் நின்றது. பயணிகள் பசியோடும் குளிரோடும் காத்திருந்தார்கள். ஆனால் உயிரோடு இருந்தார்கள். நேரத்துக்கு வந்த ஒரு செய்தியின் மதிப்பு இதுதான்.

2023 அக்டோபரில் நம் எல்லோருடைய செல்போனும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும். அரசின் அவசர எச்சரிக்கைச் சோதனை அது. நல்ல முயற்சி. ஆனால் அதுவும் செல்போன் கோபுரத்தை நம்பியே இருக்கிறது. கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால் அந்தக் குரலும் நின்றுவிடும். அதனால்தான் ஒரே வழியை நம்பக்கூடாது என்கிறோம். சாட்டிலைட் போன், வயர்லெஸ், ஹாம் ரேடியோ, பேட்டரியில் இயங்கும் ஒலிபெருக்கி என்று, ஒரே வெள்ளத்தில் எல்லாம் சேர்ந்து மூழ்காத பல வழிகள் வேண்டும்.

நம்பிக்கையும் ஒரு தொடர்புதான்

கருவி எல்லாம் சரியாக இருந்து, சொல்பவரை மக்கள் நம்பவில்லை என்றால் என்ன ஆகும்? 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளம் நிலையத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்ததாக வந்த செய்தி பொய் என்று நிலையத்தின் சார்பில் அறிக்கை வந்தது. மறுநாளே, நிர்வாக வேலைகளுக்கான வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீங்கு செய்யும் மென்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது உண்மை என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் கணினிகள் பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நேற்று இல்லை என்றவர் இன்று ஆம் என்றால், நாளை ஆபத்து நேரத்தில் அவர் "பயப்பட வேண்டாம்" என்று சொல்லும்போது யார் கேட்பார்கள்?

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் ஒரு சம்பவம் ஹதீஸ்களில் வருகிறது. ஓர் இரவு மதீனாவில் பெரிய சத்தம் கேட்டு மக்கள் அஞ்சினார்கள். சத்தம் வந்த திசை நோக்கிச் சிலர் கிளம்பினார்கள். எதிரே நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் சேணம் பூட்டாத குதிரையில் ஏறி, எல்லோருக்கும் முன்பே தனியாகச் சென்று பார்த்துவிட்டு வந்து, அஞ்ச வேண்டியதில்லை என்று மக்களை அமைதிப்படுத்தினார்கள். தலைமை முதலில் போகிறது, கண்ணால் பார்க்கிறது, உடனே வந்து மக்களிடம் சொல்கிறது. மக்களும் அதை நம்பி வீடு திரும்புகிறார்கள். ஏனென்றால் அவர்களை ஊர் அல்அமீன் என்று அறிந்திருந்தது. அந்த நம்பிக்கை ஒரே இரவில் வந்ததல்ல.

திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 83ஆம் வசனம், அச்சமூட்டும் செய்தி வந்ததும் விசாரிக்காமல் பரப்புவதைக் கண்டித்து, பொறுப்பில் உள்ளவர்களிடம் அதைக் கொண்டு செல்லச் சொல்கிறது. இதில் இரு தரப்புக்கும் கடமை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அனுப்பாமல் இருப்பது நம் கடமை. கேட்கும்போது உண்மையைச் சொல்லும் நிலையில் இருப்பது பொறுப்பாளரின் கடமை. அபாயச் செய்தி மக்களின் அமானத். அதைத் தாமதிப்பதும் மறைப்பதும் அமானத்தில் மோசடியே.

என்ன கேட்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்?

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. ஒத்திகையை வெயில் அடிக்கும் காலையில் மட்டும் நடத்தாமல், மின்சாரத்தை நிறுத்தி, செல்போன் இல்லாமல், மழைக்கால இரவில் ஒருமுறை நடத்திப் பார்க்க வேண்டும். கடைசி வீட்டுக்குச் செய்தி சேர எத்தனை நிமிடம் ஆனது என்பதை மக்களுக்கு வெளியிட வேண்டும். எளிய தமிழில் அறிவிப்பு வாசகங்களை முன்கூட்டியே தயாரித்து ஊர்தோறும் தர வேண்டும். பள்ளிவாசல், தேவாலயம், கோயில் ஒலிபெருக்கிகளையும் அவற்றின் பொறுப்பாளர்களையும் மாவட்டத் திட்டத்தில் பெயரோடு சேர்க்க வேண்டும்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியதும் உண்டு. 16 கி.மீ. வட்டம் ஏர்வாடியையோ மேலப்பாளையத்தையோ தொடவில்லை என்று நாம் இருந்துவிட முடியாது. இடிந்தகரையும் கூடங்குளமும் காலியானால் அந்த மக்கள் வந்து இறங்கப்போவது இத்தகைய ஊர்களில்தான். 2015 சென்னை வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் மத பேதம் பாராமல் திறந்ததை நாடு பார்த்தது. அந்தப் பணிக்கு முன்கூட்டியே தயாராக வேண்டும். ஒலிபெருக்கிக்குச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி இருக்கட்டும். மஹல்லாவில் தனியாக வாழும் முதியவர், நடக்க முடியாதவர், காது கேளாதவர் யார் யார் என்ற பட்டியல் இமாமிடமும் நிர்வாகியிடமும் இருக்கட்டும். ஆபத்து நேரத்தில் அதிகாரிகளிடம் பேசிச் செய்தியை உறுதிப்படுத்த இரண்டு பேரை நியமிப்போம். அவர்கள் சொல்லும்வரை மற்றவர்கள் பரப்பாமல் இருப்போம். எம். புதுப்பட்டியைப் போன்ற பட்டாசு வட்டார ஊர்களுக்கு இதே ஏற்பாடு நாளைக்கே உதவும். அதற்கு அணுஉலை விபத்து வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தொழுகைக்கு மக்களை எப்படி அழைப்பது என்று மதீனாவில் ஆலோசித்தபோது, மணியும் கொம்பும் பேசப்பட்டு, முடிவில் மனிதக் குரலே தேர்வானது. ஒரு நாளைக்கு ஐந்து முறை கடைசி வீடு வரை குரலைக் கொண்டு சேர்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு பேரிடர் நாளில் அது ஊர் முழுமைக்கும், எல்லாச் சமயத்தவருக்கும் பயன்பட வேண்டும்.

நம் கரைகளையும் ஊர்களையும் வல்ல ரஹ்மான் பேரிடர்களிலிருந்து காப்பானாக. செய்தியைச் சுமப்பவர்களுக்கு உண்மையையும், கேட்பவர்களுக்கு நிதானத்தையும் தருவானாக. ஆமீன்.