தாய்க்குப் போடும் ஊசியும் பேரனின் காதும்

நம் வயதுக்காரர்கள் வீட்டில் மகளோ மருமகளோ கர்ப்பமாக இருந்தால் தடுப்பூசிப் பேச்சு வராமல் இருக்காது. "எங்க காலத்துல இத்தனை ஊசியா போட்டோம்?" என்று ஒரு கட்சி. "எல்லாத்துக்கும் ஊசி வந்தாச்சு, போட்டுட்டா கவலை இல்லை" என்று இன்னொரு கட்சி. இரண்டும் சரியில்லை என்பது என் கட்சி. குழந்தைகளின் காதை வைத்தே அதைச் சொல்கிறேன்.

காது வலி சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். 33 வருடம் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தவன் நான். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு, சீழ் வடிய வரும் பிள்ளைகள் அநேகமாக எல்லா வகுப்பிலும் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாது. சொல்வதெழுதுதலில் பாதி வார்த்தை விட்டுப் போகும். வீட்டில் அந்தப் பிள்ளைக்கு "மக்கு" என்று பெயர். குறை புத்தியில் இல்லை, காதில். பேச்சு பழகும் வயதில் நடுக்காதில் அடிக்கடி நீர் கோத்துக்கொண்டால், காதில் விழுவதே அரைகுறை. பிறகு பேச்சும் படிப்பும் எப்படி முழுசாக வரும்?

பச்சைக் குழந்தைக்கு ஏன் இது அதிகம்? தொண்டையின் பின்பக்கத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு அது சாய்வாக இருக்கும். குழந்தைக்கோ குட்டையாகவும் கிட்டத்தட்ட படுக்கைவாட்டமாகவும் இருக்கும். சளி பிடித்தால் கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். நிமோகாக்கஸ் என்ற கிருமி அதில் முக்கியமான ஒன்று.

தாய்க்கு ஊசி போட்டால் பிள்ளைக்குக் காப்பு என்பது புதுசு இல்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் தாயின் ரத்தத்திலுள்ள எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கு நிறையப் போகிறது. பிறந்த சில மாதங்களுக்கு அதுதான் கவசம். அந்தக் காலத்தில் தொப்புள்கொடியைக் கண்ட கத்தியால் அறுத்து, சாணச் சாம்பல் வைத்து, ரண ஜன்னியில் பறிகொடுத்த பிள்ளைகள் எத்தனை! சுத்தமான பிரசவமும் கர்ப்பிணிகளுக்கு ஊசியும் சேர்ந்து அதை விரட்டின. 2015ல் தாய் சேய் ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் 2012ல் கக்குவான் இருமல் பரவிப் பச்சிளங்குழந்தைகள் இறந்தபோது, கர்ப்பிணிகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். பிறந்த முதல் சில வாரங்களில் அது சுமார் 90 சதவீதம் காத்தது. ஆகவே முதல் கட்சிக்காரர்கள் தயவுசெய்து கர்ப்பிணிப் பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவிடாமல் தடுக்காதீர்கள்.

இப்போது இரண்டாவது கட்சி. இதே வழியில் நிமோகாக்கஸ் ஊசியைத் தாய்க்குப் போட்டால் குழந்தையின் காதும் தப்புமா என்று பார்த்தார்கள். நினைப்பு நியாயமானதுதான். ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் பழங்குடிக் குழந்தைகளுக்குக் காது நோய் மிக அதிகம். அங்கே கர்ப்பிணிகளுக்குப் போட்டுப் பார்த்ததில், பிள்ளைகளின் காது நோய் குறிப்பிடும்படி குறையவில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டாவில் வேறு வகை ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள். ஊசி போட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாதத்தில் காது நோய் கூடுதலாகவே வந்தது! தாயிடமிருந்து வந்த சக்தி மிகுதியாக இருந்தால், குழந்தைக்கே போடும் ஊசி சரியாக வேலை செய்யாமல் போவதுண்டு. இங்கேயும் அப்படி நடந்திருக்கலாம் என்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு "பாத்தியா, ஊசியே ஏமாத்து வேலை" என்று யாரும் கிளம்ப வேண்டாம். பலன் இல்லை என்று தெரிந்ததை மறைக்காமல் எழுதி வைத்தார்களே, அதனால்தான் மற்ற ஊசிகளை நான் நம்புகிறேன். ஒரு பூட்டுக்குச் சேர்ந்த சாவி எல்லாப் பூட்டுக்கும் சேராது, அவ்வளவுதான்.

அப்படியானால் காதுக்கு வழி? குழந்தைக்கே போடும் நிமோகாக்கஸ் ஊசி. தனியாரிடம் ஆயிரக்கணக்கில் செலவாகும் இது, 2021 முதல் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆறாவது வாரம், 14வது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று முறை. நிமோனியாவுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் நல்ல காப்பு. காதுக்கு ஓரளவுதான். பின்லாந்தில் இதன் ஆரம்பகால ஊசியைச் சோதித்தபோது, அந்தக் கிருமியால் வரும் காது நோய் 34 சதவீதம் குறைந்தது. எல்லாக் காது நோயையும் சேர்த்துப் பார்த்தால் 6 சதவீதம்தான். மற்றக் கிருமிகள் சும்மா இருக்குமா?

மீதி, தாத்தா பாட்டிகளான நம் கையில் இருக்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். புட்டிப்பால் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் படுக்க வைத்துக் கொடுக்கக் கூடாது. வீட்டுக்குள் பீடி, சிகரெட் வேண்டாம். தலை துவட்டியதும் போடும் சாம்பிராணிப் புகையையும் விட்டுவிடலாம். குளிப்பாட்டிய பின் காதில் ஊதுவதும், காய்ச்சிய எண்ணெய் விடுவதும் வேண்டவே வேண்டாம். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுதால், காய்ச்சலும் இருந்தால், சீழ் வடிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். "பல் முளைக்குது, சரியாப்போயிடும்" என்று காத்திருக்காதீர்கள்.

தாய்க்கு உரிய ஊசி தாய்க்கு, பிள்ளைக்கு உரியது பிள்ளைக்கு. எது யாருக்கு என்பதைச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு, அட்டையில் தேதியைப் பார்த்து நினைவுபடுத்துவது நம் வேலையாக இருக்கட்டும். ஓய்வு பெற்றவர்களுக்கு நேரத்துக்கா பஞ்சம்?