ஐந்தாம் மாதப் பருவுக்கு எண்ணெயைப் பரிந்துரைக்காதீர்கள்

தெம்பனிஸில் நடந்த தாய்மார் சந்திப்பில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனீர்கள்: கைக்குழந்தையின் முகப்பருவுக்கு மருந்தே தேவையில்லை, அது தாய் தின்றதால் வந்த சூடு, நல்லெண்ணெயும் ஒரு ‘இயற்கை’ கிரீமும் போதும். பச்சை உடம்புக்காரிகள் அதைக் குறித்துக்கொண்டார்கள். அதனால்தான் சும்மா இருக்க முடியவில்லை.

பிறந்து சில வாரங்களில் கன்னத்திலும் நெற்றியிலும் சிவந்து கிளம்பும் சிறு பருக்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்கு வரும். மூன்று நான்கு மாதத்துக்குள் தானாக அடங்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் கழுவினால் போதும். இதை எந்தக் குழந்தை மருத்துவரும் சொல்வார். நீங்கள் செய்த அநியாயம், இந்தச் சிறிய உண்மையை எடுத்து வேறொரு நோயின் தலையில் கட்டியது. மூன்று மாதத்துக்குப் பிறகு கரும்புள்ளி, வெண்புள்ளி, சிவந்த கட்டி என்று வருவது வேறு. அது மாதக்கணக்கில் நீடிக்கும், சில குழந்தைகளுக்கு ஓராண்டையும் தாண்டும். கட்டிகள் ஆழமாக இறங்கினால் கன்னத்தில் குழி விழும். அந்தக் குழியோடு பள்ளிக்குப் போகப்போவது உங்கள் பிள்ளை அல்ல.

சூடு என்றீர்களே, ஆண் குழந்தைகளுக்கு இந்தப் பரு அதிகம் வருவதற்கு என்ன பதில்? முதல் சில மாதங்களில் ஆண் குழந்தையின் விதைப்பை டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. இரு பாலாருக்கும் அட்ரினல் சுரப்பியும் தன் பங்கைச் செய்கிறது. எண்ணெய்ச் சுரப்பிகள் அதற்கு ஆடுகின்றன. பிள்ளை பெற்று, பத்தியம் காத்து, தூக்கம் தொலைத்த பெண்ணின் தட்டில் இந்தப் பழியை வைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? எண்ணெயோ, துளைகளை இன்னும் அடைக்கும். பிறந்த குழந்தையின் பருவில் பங்குண்டு என்று கருதப்படும் மலசீசியா பூஞ்சைக்கு அதுவே தீனி.

உங்கள் வாதத்தில் வலுவான இடம் ஒன்று உண்டு. பருவுக்குப் பூசும் மருந்தான அடாபலீன் ஜெல்லின் உறையில் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றுதான் இருக்கும். உண்மை. ஆனால் குழந்தை மருத்துவத்தில் பல மருந்துகள் இப்படித்தான் மருத்துவர் பொறுப்பில் பயன்படுகின்றன. 2013இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழில் வந்த முகப்பரு வழிகாட்டி, தேவைப்படும் கைக்குழந்தைக்கு பென்சாயில் பெராக்சைடு, ரெட்டினாய்டு போன்ற பூச்சு மருந்துகளை ஏற்கிறது. குறைந்த வீரியம், மெல்லிய பூச்சு, சில வாரப் பொறுமை: அவ்வளவுதான். எட்டு வயதுக்குள் டெட்ராசைக்ளின் கொடுத்தால் பல் கறைபடும் என்பதும் மருத்துவருக்குத் தெரியும். ஒரு வயதுக்குமேல் ஏழு வயதுக்குள் புதிதாகப் பரு வந்தால் ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். எண்ணெய்க் கிண்ணத்துக்கு இவை தெரியாது.

எனக்குக் கோபம் மூட்டுவது அந்த ‘இயற்கை’ கிரீம்தான். குழந்தைக்கும் பாதுகாப்பு என்று விற்கப்பட்ட கிரீம்களில் சொல்லாமல் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் ஒருமுறைக்கு மேல் எச்சரித்திருக்கிறது. எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல்பரப்பு அதிகம். பூசுவது கூடுதலாக உடம்புக்குள் போகும். இரண்டு நாளில் சிவப்பு மங்கும், ஊரே பாராட்டும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், பரு முன்னைவிட மோசமாகத் திரும்பும், முகம் உருண்டு வீங்கும். நம் வீடுகளில் அந்த வீக்கத்தைக் கொழுகொழு என்று கொஞ்சுவார்கள். ஆபத்து அங்கேதான் மறைந்துகொள்கிறது. மருந்து வேண்டாம் என்ற வாயாலேயே, பெயர் சொல்லாத மருந்தைக் கையில் கொடுத்திருக்கிறீர்கள்.

அந்தத் தாய்மாரை மறுபடி கூப்பிட்டுப் பேசுங்கள். கிரீமை உடனே தூக்கிப்போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு பூசிய குழந்தையின் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்திருக்கலாம். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. குழந்தையையும் அந்தக் கிரீம் டப்பாவையும் பலதுறை மருந்தகத்துக்கோ கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தாமதிக்காமல் கொண்டுபோகச் சொல்லுங்கள்.