குடலுக்கு மார்க் போடுகிறவர்கள்

மலத்தில் கொஞ்சம் எடுத்துக் குப்பியில் அடைத்து அனுப்பினால், குடலில் இருக்கும் பாக்டீரியாக்களை ஆராய்ந்து "உங்கள் பன்முகத்தன்மை இவ்வளவு" என்று ஒரு எண் அனுப்பும் கம்பெனிகள் இருக்கின்றன. எண் பெரிதாக வந்தால் சபாஷ். சிறிதாக வந்தால், சில இடங்களில் கூடவே மாத்திரையும் விற்கிறார்கள்!

முதலில், எதை எண்ணுகிறார்கள்? ஒரு மளிகைக் கடையில் பத்து கம்பெனி சோப்பு மட்டும் இருக்கிறது. பக்கத்துக் கடையில் அரிசி, எண்ணெய், தீப்பெட்டி, சோப்பு என்று நாலே சரக்கு. பெயரை மட்டும் எண்ணினால் சோப்புக் கடைதான் பெரிய கடை. பாக்டீரியாவிலும் இதே கூத்துதான். பத்துப் பங்காளிகளும், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன நாலு வம்சங்களும் ஒன்றா?

இந்தக் கோளாறுக்கு 1992-லேயே டேனியல் ஃபெய்த் வழி சொல்லிவிட்டார். இனங்களை எண்ணாமல், அவற்றை இணைக்கும் பரிணாம மரத்தின் கிளை நீளங்களைக் கூட்ட வேண்டும். (அவருடைய கவலை எந்த உயிரினங்களைக் காப்பாற்றுவது என்பது, குடல் அல்ல.) 2005-ல் லோசுபோனும் நைட்டும் அதேபோல மரத்தை வைத்து, இரண்டு நுண்ணுயிர்க் கூட்டங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று பார்க்கும் யூனிஃப்ராக் முறையைக் கொண்டுவந்தார்கள். அருமையான கருவிகள்தான்.

ஆனால் அவை அளப்பது உறவின் தூரத்தை. ஆரோக்கியத்தை அல்ல! 2012-ல் அமெரிக்காவின் மனித நுண்ணுயிர்த் திட்டம் 242 ஆரோக்கியமானவர்களைப் பற்றிய முடிவுகளை வெளியிட்டது. வாயிலும் மலத்திலும் ஏகப்பட்ட வகைகள். யோனியிலோ மிக எளிமையான கூட்டம். பல பெண்களுக்கு அங்கே லாக்டோபேசில்லஸ் ஆட்சிதான். அது உண்டாக்கும் லாக்டிக் அமிலம் மற்ற கிருமிகளை அண்டவிடாது. அந்த ஆட்சி கவிழ்ந்து பலவகை பாக்டீரியாக்கள் பெருகினால் அதற்குப் பெயர் பாக்டீரியல் வஜைனோசிஸ். பன்முகத்தன்மை கூடுகிறது, தொல்லையும் கூடுகிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் குடலில் பெரும்பாலும் பிஃபிடோபாக்டீரியம் கூட்டம். அந்தக் குழந்தை ஃபெயிலா?

போதாக்குறைக்கு, அந்த எண்ணும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒரே குப்பியில் ஆயிரம் டிஎன்ஏ துண்டுகளைப் படித்தால் ஒரு எண், ஐம்பதாயிரம் படித்தால் பொதுவாக அதைவிடப் பெரிய எண். எத்தனை படித்தார்கள், மரத்தை எதை வைத்துக் கட்டினார்கள் என்று சொல்லாத ரிப்போர்ட், தேதி போடாத பேலன்ஸ் ஷீட் மாதிரி. காசு கட்டுகிறவர்கள் அதையாவது முதலில் கேட்டு வாங்கட்டும்.